அடுக்களைக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்குச் செடி

அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்த இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் முழங்கால் வழக்கம்போல மழைக்கு முன்னால் வலிக்கிறது, அவ்வளவுதான். எனக்குத்தான் மனசு சரியில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன். நம் தக்காளிக்குக் கருகல் நோய் வந்துவிட்டது.

கொஞ்ச நாளாக வெயிலே இல்லை, தூறலும் பனிமூட்டமுமாகவே இருக்கிறது. அடுக்களையை ஒட்டிய வரிசையில் முதலில் இலையில் வெந்நீர் பட்ட மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது, பனி பட்டதாக இருக்கும் என்று அப்பா சொன்னார். மறுநாள் காலை இலையைத் திருப்பினால் அடியில் மாவு தூவினதுபோல வெள்ளை. அப்புறம் தண்டு கறுத்தது, காயில் பழுப்புத் தழும்பு விழுந்தது. நீ நம்ப மாட்டாய், எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட உன் அப்பா இத்தனை தடவை எட்டிப் பார்த்ததில்லை. இது காற்றிலேயே பரவுமாம், இதே ஈரம் நீடித்தால் மொத்த வயலும் போய்விடுமாம். வரப்புக்கு அந்தப் பக்கம் உன் சித்தப்பாவின் தக்காளி, இப்போதுதான் காய் பிடிக்கிறது.

விவசாய ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். சித்தப்பாவும் கூடவே நின்றிருந்தார். அந்த அம்மா, "பக்கத்துல எங்கயாவது உருளைக்கிழங்குச் செடி இருக்கா?" என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன தடவை நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், முளைவிட்ட கிழங்கு வீணாகிறதே என்று அடுக்களைக்குப் பின்னால் புதைத்தாயே, அதுதான். பட்டுப்போகும், மறுபடி தானாக முளைக்கும். அப்பா எத்தனையோ தடவை பிடுங்கிப் போடச் சொன்னார், நான்தான் விடவில்லை. ஜன்னலைத் திறந்ததும் நீ வைத்த செடி கண்ணில் பட வேண்டும் எனக்கு. அந்த அம்மா அதன் இலையைத் திருப்பினார், அங்கேயும் அதே வெள்ளை. "ரெண்டும் ஒரே குடும்பம்மா, நோய் கிழங்குக்குள்ளயே தங்கியிருக்கும், அங்கேர்ந்துதான் வந்திருக்கணும்" என்றார். நான் அப்பவே சொன்னேனே என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நீ உன்னால்தான் என்று எதையாவது நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே, வைத்தது நீ, வைத்துக்கொண்டிருந்தது நான்.

இப்போது இலை காய்ந்த நேரமாகப் பார்த்து, நோய் கண்ட செடிகளை நின்ற இடத்திலேயே பைக்குள் போட்டுக் கட்டி, ஆழமாகக் குழிவெட்டிப் புதைக்கிறோம். கையில் தூக்கிக்கொண்டு நல்ல செடிகளுக்கு நடுவே நடக்கக் கூடாதாம். மற்றதற்கெல்லாம் இலைக்கு அடியிலும் படுகிற மாதிரி மருந்து அடிக்கிறார் அப்பா, முகத்தில் துணி கட்டாமல். நீ சொன்னால் கேட்பார், சொல்லு. அந்த மருந்து நல்ல செடியைக் காப்பாற்றுமாம், நோய் வந்ததைக் குணப்படுத்தாதாம். உருளைக்கிழங்கை நானே பிடுங்கினேன். அடியில் கோலிக்குண்டு மாதிரி சின்னச் சின்னக் கிழங்குகள். ஒன்றை மட்டும் மடியில் மறைத்தேன். அப்பா கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன்.

இன்று காலை வரப்பிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். கையில் ஒரு இலை. "நீங்களே திருப்பிப் பாருங்க அண்ணி, எனக்கு தைரியம் இல்ல" என்றார். எனக்கு மட்டும் எங்கே இருக்கிறது, இருந்தாலும் திருப்பினேன். வெள்ளை இருந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "பையைக் குடுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னார்.

உன் பால்கனித் தொட்டித் தக்காளிக்கு மேலிருந்து தண்ணீர் தெளிக்காதே, வேரில் ஊற்று. கிழங்கு முளைவிட்டால் பாவம் பார்க்காமல் எறிந்துவிடு. காலையில் போனை எடுக்காவிட்டால் பயந்துவிடாதே, இரண்டு வயலிலும் இலையைத் திருப்பிக்கொண்டிருப்பேன். நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா