கேட்காதவர்களுக்கான டயர்

இன்று காலை திருச்சியிலிருந்து பார்சல் லாரியில் டயர்கள் வந்து இறங்கின. வாசலில் அடுக்கி முடிப்பதற்குள் புது ரப்பரின் நெடி வீடு முழுக்க ஏறிவிட்டது. “இந்த வருசமும் நம்ம வூடுதானா? சாம்பார்லகூட டயர் வாசன அடிக்குது” என்றாள் என் மனைவி. ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால் அவளுக்கு ஏதாவது பதில் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது. உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

பெரம்பலூரில் உனக்கு விதைக்கடை. எனக்கு, மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு மதிப்புப் போடும் சர்வேயர் வேலை. பைபாஸில் பந்தயம் விட்டு மோதிய இரண்டு கார்களை நான் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் நீ அந்தப் பேச்சை எடுத்தாய். “ஓட்டாதன்னா கேக்க மாட்டானுவ. ஓட்டறதுக்கு ஒரு எடம் பாத்துக் குடுப்போம்டா” என்றாய். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த ஒரு பள்ளத்தின் கரையில், டிப்பர் லாரிகள் நின்று நின்று கெட்டித்துப்போன பெரிய மைதானம் இருந்தது. கலியமூர்த்திக்குச் சொந்தம். பதினைந்து இருபது லாரி வைத்திருந்தவர், காரோட்டுவதில் பித்துப் பிடித்தவர். இடத்தைக் கொடுத்தார், தானும் ஓட்ட வந்தார்.

மாதம் ஒரு பந்தயம், பழைய எண்ணூறு சிசி கார்கள் மட்டும்தான் என்று வைத்தோம். அதனால்தான் ஆள் சேர்ந்தது. செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடும் அண்ணன் தம்பிகள், மீன்சுருட்டியில் மருந்துக்கடை வைத்திருந்த மல்லிகா, கலியமூர்த்தியின் டிப்பர் ஓட்டிய சின்னதுரை. எல்லோரும் அவரவர் காரில் வந்து, அதே காரில் ஓட்டிவிட்டு, அதே காரில் வீட்டுக்குப் போனார்கள். நீயும் ஓட்டினாய். நான் ஓட்டவில்லை. வண்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலை எனக்கு.

இரண்டாம் வருடம் கலியமூர்த்தி கோயம்புத்தூரிலிருந்து பந்தய டயர் வரவழைத்தார். ஆழமான வெட்டுகள் கொண்டது. மண்ணைக் கடித்துப் பிடித்தது. வளைவுகளில் மற்றவர்கள் சறுக்கிக்கொண்டிருக்க அவர் கார் கோடு போட்டதுபோல் போயிற்று. இரண்டு பந்தயத்தில் தேய்ந்துவிடும். அவர் வேறு வாங்கிக்கொள்வார். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேர் கடன் வாங்கி அதே டயரைப் போட்டார்கள். அதற்கடுத்த மாதம் வெங்காயக்கார அண்ணன் வந்து சொன்னார்: “தப்பா நெனச்சுக்காதீங்க. காருக்குக் குடுத்ததவிட டயருக்குக் கேக்கறாங்க. நாங்க இனிமே வேடிக்க பாக்க மட்டும் வரோம்.”

அன்று கணிசமாக ஆள் குறைந்திருந்தது. இப்படியே போனால் அடுத்த வருடம் பந்தயமே இருக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எல்லோரும் சாதா டயர்தான் போடவேண்டும், சோதனையில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. “சாதா டயருலயே ஆயிரம் வேல பண்ணலாம். நீ என்ன, ஒவ்வொரு டயரா மோந்து பாப்பியா?” என்று கேட்டாய். உன்னிடம் வேறொரு யோசனை இருந்தது. எந்த டயர் வேண்டுமானாலும் போடட்டும். ஆனால் பந்தயம் முடிந்ததும், தோற்றவர்களில் யார் கேட்டாலும், சாதா டயரின் விலையை வாங்கிக்கொண்டு ஜெயித்தவர் தன் நான்கு டயரையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அப்படியிருந்தால் யார் காசைக் கொட்டி டயர் வாங்குவார்கள்? எனக்கும் அது பிரமாதமாகப் பட்டது. கலியமூர்த்தியே சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினார். “வந்து கழட்டிட்டுப் போங்கப்பா, எனக்கென்ன!”

அடுத்த பந்தயத்திலும் அவர்தான் ஜெயித்தார், அதே பந்தய டயரில். சின்னதுரை இரண்டாவது. நீ மைக்கைப் பிடித்து, “டயர் வேணுங்கறவங்க வரலாம்” என்று கூப்பிட்டாய். ஒருவரும் நகரவில்லை. கலியமூர்த்தி காரில் சாய்ந்து நின்றுகொண்டு, “ஏன்டா துரை, நீதான ரெண்டாவது? எடுத்துக்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சின்னதுரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “வேணாங்க மொதலாளி. என் டயரே நல்லாத்தான் இருக்கு” என்றான். அவன் டயரில் கம்பி தெரிந்ததை நான் காலையில்தான் பார்த்து, மாற்றச் சொல்லியிருந்தேன். மாற்றியது அதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

அதற்கடுத்த மாதமும் இதே கதை. திரும்பி வரும்போது டீ குடிக்க நிறுத்தினோம். நீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாய். “நீயே போய்க் கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“நான் கேட்டா அது வெளாட்டு. அவன் கேட்டா திங்கக்கெழம யாருகிட்டப் போயி வண்டி சாவி வாங்குவான்? ரெண்டு பேருக்கும் ஒரே விதியாடா இது?” என்றாய். பிறகு, “தப்பு என்னோடதுதான். வாயத் தொறந்தாதான் வேல செய்யும்னு ஒரு விதியப் போட்டுட்டேன்” என்றாய்.

ஒரு வாரத்தில் புதிய விதியோடு வந்தாய். எல்லோரும் சமமாகப் பணம் போட்டு, நம் பந்தயச் சங்கமே ஒரே மாதிரி சாதா டயர்களை ரிம்மோடு வாங்கி வைக்கும். பந்தயத்தன்று காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யாருக்கு எது விழுகிறதோ அதை மாட்டிக்கொண்டு ஓட்டிவிட்டு, முடிந்ததும் கழற்றி அடுக்கிவிட வேண்டும். யாரும் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை.

கலியமூர்த்திக்கு இந்தமுறை சிரிப்பு வரவில்லை. “எங்க வூட்டு எடத்துல நின்னுக்கிட்டு எனக்கே சட்டம் போடுறியா?” என்றார். நீ, “எடம் உங்களுதுதாண்ணே. பந்தயம் எல்லாருக்குமுல்ல?” என்றாய். அடுத்த ஞாயிறு மைதானத்தின் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

அந்த வருடம் பந்தயமே இல்லை. அதற்குள் வாங்கியிருந்த டயர்கள் என் வீட்டில் தூசி படிந்து கிடந்தன. வளைந்துகொடுத்துப் போயிருக்கலாம் என்று நான் சொன்னேன். நீயோ விதை விற்கப் போன ஊர்களிலெல்லாம் தரிசு தேடிக்கொண்டிருந்தாய். கடைசியில் மல்லிகாதான் சொன்னாள். அவள் மாமனாரின் முந்திரிக் கொல்லையில் பழைய மரங்களை வெட்டிவிட்டு, மறு நடவுக்காகக் காத்திருந்தார்கள். அதுவரை ஓட்டிக்கொள்ளலாம் என்றார் பெரியவர். வேர்களைப் பொறுக்கவே எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆனது.

முதல் பந்தயத்துக்கு வெங்காயக்கார அண்ணன் தம்பிகள் வந்தார்கள். விட்டுப்போனவர்களும் வந்தார்கள். சீட்டுக் குலுக்கப் போகும் நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. மேலே கலியமூர்த்தியின் கார், ஸ்டியரிங்கில் சின்னதுரை, பக்கத்தில் அவர். அவர் இறங்கி நேராக உன்னிடம் வந்து சீட்டு டப்பாவுக்குள் கையை விட்டார். நீ டப்பாவைக் குலுக்கிவிட்டு அடுத்தவரிடம் நீட்டினாய். கார் இல்லாமல் வந்த சின்னதுரைக்கு மல்லிகா தன் காரைக் கொடுத்தாள்.

அன்று சின்னதுரை ஜெயித்தான். கலியமூர்த்தி ஐந்தாவதோ ஆறாவதோ. உன் கார் ரேடியேட்டர் கொதித்துப் பாதியில் நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “என்னய்யா டயரு இது, வளைவுல வழுக்குது” என்றார். “எல்லாருக்கும்தாண்ணே வழுக்குது” என்றாய். அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சின்னதுரை சில மாதங்களில் அவரிடமிருந்து விலகித் தனியார் பஸ் ஓட்டப் போனான். ஜெயித்ததால்தானா, வேறு ஏதாவதா, தெரியாது. நாம் இருவருமே அவனிடம் கேட்கவில்லை.

ஆடிப்பட்டத்துக்கு மக்காச்சோள விதை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கல்லாவில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். நான் வந்தபோது லாரிக்காரர்கள் பாதி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மீதியை இறக்கச் சொன்னேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பந்தயம் நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. அதைச் சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

போன வாரம் விக்கிரமங்கலத்தில் ஒரு லோடு ஆட்டோ. பின்னாலிருந்து பெரிய வண்டி இடித்திருந்தது. ஓட்டுகிறவர் கைகட்டி ஓரமாக நின்றார். வழக்கமாக, மேலே தெரிகிற சேதத்தைக் குறித்துக்கொண்டு, “வேற ஏதாச்சும் உண்டா?” என்று கேட்பேன், இல்லை என்றால் கிளம்பிவிடலாம். எங்கள் சர்வேயர் வேலையில் விதி அவ்வளவுதான். எவ்வளவோ பேர் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவரும், “அவ்ளோதாங்க சார்” என்றார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் போனேன். வண்டியைத் தாங்கும் சேசிஸ் வளைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ரோட்டிலேயே முறிந்திருக்கும். அதையும் சேர்த்து எழுதினேன்.

அவர் பதறிப்போய், “சார், நான் ஒண்ணுமே கேக்கலீங்களே” என்றார்.

“தெரியும்ங்க, நீங்க கேக்க வேணாம்” என்றேன்.