விபத்தென்று எழுதப்பட்ட அண்ணாவுக்கு

என் ஆசை அண்ணா,

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. வேலை முடிந்து ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகெட்டோவிலுள்ள வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். களைத்துப்போனேன், அண்ணா. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிய களைப்பில்லை இது. கடிதம் எழுதி எழுதி வந்த களைப்பு.

என்னை நோர்வேக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வளைகுடாவுக்குச் சமையல் வேலைக்குப் போனபோது என்ன சொன்னீர்கள்? "நான் போறது சண்டையில்லாத நாடு, தங்கச்சி. அவை ஒருத்தற்றை பக்கமும் இல்லை. நீ பயப்பிடாதை." நானும் நம்பினேன். பக்கத்து நாடுகள் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தபோதுகூட நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த இரண்டில் ஒரு நாட்டின் விமானம் போட்ட குண்டுதான் நீங்கள் சமைத்துக்கொண்டிருந்த துறைமுகத் தொழிலாளர் விடுதியில் விழுந்தது. உங்களோடு வேலை செய்த தஞ்சாவூர்க்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் எடுத்துச் சொன்னார். "பிளேன் சத்தம் கேட்டதும் நாங்க எல்லாரும் ஃபோன எடுத்துக்கிட்டு ஜன்னலுக்கு ஓடினோம்க்கா. அண்ணன் மட்டும்தான் 'படுங்கோ'ன்னு கத்தினார். என்னை இழுத்துக் கீழ தள்ளினார். அடுத்த ஆளை இழுக்கப் போனார்."

எங்கள் ஊர்ச் சண்டையில் பங்கருக்குள் பதுங்கி வளர்ந்த காது உங்களுடையது. ஒருமுறையாவது உங்களை முதலில் பார்த்திருக்கக் கூடாதா?

பிறகு நடந்ததைக் கேளுங்கள். குண்டு போட்டவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். நீங்கள் வேலை செய்த நாட்டார் அவர்களின் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மூன்றாம் மாதம் இரு பக்கமும் கைகுலுக்கிக்கொண்டன. தங்கள் குடிமக்கள் ஒருவரும் சாகவில்லை என்று அறிக்கை வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதி அவர்களுக்கு. தலைப்பாகை நீங்கள், அண்ணா.

உங்கள் மரணப் பத்திரத்தில் 'வேலைத்தல விபத்து' என்று எழுதினார்கள். அதை ஏற்றுக் கையெழுத்து வைத்தால்தான் உடல் வரும் என்றதால், மனைவி என்ற முறையில் மச்சாள் வைத்துவிட்டா. அவவில் நான் குற்றம் காணவில்லை. உங்களை ஊரிலேயே எரிக்க வேண்டாமா?

அந்த ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லி மூன்று தூதரகங்களுக்கு எழுதினேன். இங்கே ஒஸ்லோவில் வெளிநாட்டு அமைச்சிலோ, இறந்தவர் நோர்வேக்காரர் அல்லவே என்று மரியாதையாகச் சொன்னார்கள். நேற்றுக் கடைசிப் பதில் வந்தது. என் மகள் வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள். "அம்மா, அந்த ரெண்டு நாட்டுக்காரரும் சமாதானமாகிட்டினம். இனி இதைக் கிளற மாட்டினமாம்."

இன்று பஸ்ஸில் வரும்போது மச்சாள் ஃபோன் எடுத்தா.

"பள்ளிக்கூடப் படிவத்திலை தேப்பன் எப்பிடிச் செத்தவர் எண்டு கேட்டிருக்கினம். மகன் பேனையோடை இருக்கிறான். விபத்து எண்டு எழுதட்டோ?"

நான் "ஓம்" என்றேன்.

பத்து மாதம் சண்டை பிடித்தவள், பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லில் விட்டுக்கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, அண்ணா. கோபமா?

ஊரில் இன்னும் படுத்திருக்க மாட்டார்கள். இதை முடித்த கையோடு உங்கள் மகனோடு கதைப்பேன். அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, குண்டு போட்டுக் கொன்றார்கள் என்று எழுதச் சொல்வேன். எந்த நாட்டுத் தாளிலும் ஏறாவிட்டால் போகட்டும். உங்கள் பிள்ளையின் கையெழுத்தில் அது இருக்கும். இது சத்தியம்.

உங்கள் சொல்லை நம்பியிருந்த
தங்கச்சி