கறையான் அரிக்காத நோட்டு

சிவமயம்

நாச்சியாபுரம்
10-8-1971

அன்பு மகள் நீலாயதாட்சிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாவும் சுகம். உன் சுகத்தை இந்தத் தடவை கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் டாக்டர் வாயால் நேரே கேட்பேன்.

சென்னை டாக்டர் தன் காதுக்குழாயை மாப்பிள்ளை அழகுசுந்தரத்திடம் கொடுத்து, உன் இதயத்தைக் கேட்கச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு காலைப் பலகாரம் இறங்கவில்லை. "கட்டுன புருசன் கேட்டா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது? சம்பந்தி வீட்ல தெரிஞ்சாச் சிரிப்பாக" என்கிறாள் உன் ஆத்தா. எரியத்தான் செய்கிறது. பதினாறு வருஷம், ஆறு மாதத்துக்கொரு முறை உன்னை மதுரை டாக்டரிடம் கூட்டிப் போனவன் நான். எனக்கு யாரும் குழாயைத் தரவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

உன் இதயத்தின் நடுச்சுவரில் பிறவியிலேயே உள்ள ஓட்டைக்கு மாப்பிள்ளை ஒழுகும் பம்பு செட்டை உதாரணம் சொன்னாராமே. நல்ல உதாரணம்தான். ஆனால் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டி, அதில் ஒரு கிழிசல், அது வழியே பிள்ளைகள் நழுவுவதால் வாத்தியாருக்கு இரட்டை வேலை என்று உன் ஏழு வயதில் நான் சொன்னதை மறந்துவிடாதே.

இனி முக்கிய விஷயம். ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய்ய, உன்னைப் பற்றி நான் குறித்து வைத்த பழைய நோட்டை டாக்டர் கேட்பதாக மாப்பிள்ளை எழுதினார். கறையான் அரித்துவிட்டது என்று பதில் போட்டேன். அது பொய். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருஷம் பெஞ்சு மேல் நிற்க வைத்தவன் எழுதிய பொய்.

உன் கல்யாணத்தில் வெள்ளிச் சாமான் முதல் விளக்குமாறு வரை சீர் பரப்பினோம். இந்த நோட்டை மட்டும் பீரோவில் வைத்துக்கொண்டேன். அதையும் கொடுத்துவிட்டால் உன் விஷயத்தில் எனக்கு என்ன வேலை மிச்சம் என்று தோன்றியது.

இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். பழைய பள்ளிக்கூட வருகைப் பதிவேடுதான். எடை, நாடித்துடிப்பு, டாக்டர் சொன்னது எல்லாம் தேதியோடு இருக்கின்றன. ஒரு தடவைகூட நீ ஆப்சென்ட் இல்லை. மாப்பிள்ளையிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருபதாம் தேதி பரிசோதனைக்கு மறக்காமல் எடுத்துப் போங்கள். நோட்டின் அடுத்த பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இனி மாப்பிள்ளை எழுதட்டும்.

நீ நிறைந்த ஆயுளோடு இருப்பாய்.

டாக்டர் மறுபடி குழாயைக் கொடுத்தால், உள்ளே என்ன சத்தம் கேட்டது என்று மாப்பிள்ளையை எனக்கு ஒரு கார்டு போடச் சொல். உதாரணத்தோடு எழுதச் சொல். பம்பு செட் என்றாலும் சரி.

உன் அப்பச்சி
முத்தப்பன்