உன் பெயரில் ஒரு பில்

கட்டுகஸ்தோட்டை,
12.10.2008

அன்பு மகள் லோகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சோறு தண்ணிக்குக் குறையில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோனில் பேசுகிற மனுஷன் எதற்காகக் கடதாசியைத் தேடினார் என்று நீ யோசிப்பாய். டெலிபோனில் நான் என்ன பேசுகிறேன் என்று உனக்கே தெரியும், அங்கே மழையா என்று கேட்பேன், நீ ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் சரி சரி என்று சொல்லி ரிசீவரை அம்மா கையில் கொடுத்துவிடுவேன். இரண்டு மாதமாக அப்படித்தான் தப்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே மழை விடாமல் பெய்கிறது, மகாவலி கலங்கிப் பாலத்துக்குக் கீழே முட்டிக்கொண்டு ஓடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, பேராதனை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், நான் பார்க்கும்போது மட்டும். நாவலப்பிட்டி ராக்கம்மா அத்தை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், நீ மெலிந்துவிட்டாயாம், உன் புது போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவளுக்கு எல்லாரும் மெலிந்தவர்கள்தான், ஆனாலும் காலையில் சாப்பிடாமல் கெம்பஸுக்குப் போகாதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பொலிஸில் வைத்துக்கொண்ட லெப்டொப் இனித் திரும்பி வராது போலிருக்கிறது, பரீட்சைக்கு முன்னால் வேறொன்று வேண்டும், பெரியதா சின்னதா, சாதாரணமானதா, இல்லை திரையைத் திருப்பிப் படுக்கவைத்துப் பேனாவால் எழுதுகிற புது மாதிரியா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். நேற்று கடையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு கண்டிக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எனக்கு அதன் உள்ளே ஓடுவதைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் உதிரிப்பாகக் கடையில் இருபது வருஷம் நின்றவனுக்கு ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அது முதலில் எங்கே உடையும் என்று தெரியும், அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். பெரியது பார்க்க வடிவாக இருக்கிறது, ஆனால் சரியான பாரம், அதைத் தோளில் போட்டுக்கொண்டு வழி நெடுக சோதனைக்கு இறங்கி ஏற உன்னால் முடியாது. சின்னதில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி, சீடி போடுகிற இடமும் இல்லை. அந்தத் திருப்புகிற மாதிரி உனக்கு ஆசை என்று தெரியும், செடிகளை வெட்டிப் பார்த்துப் படம் கீறுகிற படிப்புக்கு அது நல்லதுதான், கடைக்காரர் திரையைச் சுற்றிப் படுக்கவைத்து என் கையில் பேனாவைத் தந்து ஏதாவது எழுதிப் பாருங்கள் என்றார். ஆனால் லோகா, அவ்வளவு பெரிய திரைக்கு நடுவில் ஒரே ஒரு கழுத்து. நீ பக்குவமாகத் திருப்புவாய், சோதனைச் சாவடியில் அதைத் திறந்து காட்டச் சொல்லி வாங்குகிறவன் எந்தப் பக்கம் திருப்புவான் என்று யாருக்குத் தெரியும். அதனால் நடுத்தரமான ஒன்றைப் பார்த்தேன், மூடி இரண்டு பக்கமும் பிணைச்சல் வைத்தது, பாரம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கரண்ட் போனாலும் பெட்டரி மூன்று மணித்தியாலம் நிற்குமாம். நீ எழுதி அனுப்பிய ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கடதாசியில் இருந்தபடியே வாசித்துக் காட்டினேன், அவை சரியாக இருக்கின்றன என்று கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். காசைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

உன் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி இருந்தது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த முறை பில்லே வேண்டாம் அப்பா, பில் இல்லாமல் வாங்குங்கள் என்று ஒரு வரி. அன்றைக்கு நீங்கள் மக்கீன் நானாவைப் பொலிஸுக்கு அனுப்பியிருக்காவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த வரி. இரண்டையும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன், அம்மாவிடம் வாசித்துக் காட்டவில்லை. முதல் வரியில் இருக்கிற பயம் என்னுடைய பயம், அதை நான்தான் உனக்குக் கொடுத்தேன். இரண்டாவது வரியில் இருக்கிற நன்றி எனக்குச் சேர வேண்டியதே இல்லை.

எண்பத்திமூன்று கலவரத்தின்போது எனக்கு இருபத்தொரு வயது, கண்டியில் கந்தையா முதலாளியின் கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வந்தவர்கள் பலகையில் முதலாளியின் பெயரைப் படித்துவிட்டுத்தான் கடைக்கு நெருப்பு வைத்தார்கள், பெயர் எழுதாத பின்கட்டில் ஒளிந்திருந்த நான் தப்பிவிட்டேன். அன்றைக்குப் பிடித்த பழக்கம், இன்றுவரை அடையாள அட்டையையும் மரண உதவிச் சங்கத்துப் புத்தகத்தையும் விட்டால் என் பெயர் எதிலும் இல்லை. கரண்ட் வீட்டுக்காரர் பெயரில், டெலிபோன் குடைக்கடை மக்கீன் நானா பெயரில், அம்மாவின் தையல் மெஷின்கூட பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவின் பெயரில். செத்தால்தான் என் பெயர் வெளியே வரும் என்று அம்மா கேலி செய்வாள், நானும் சிரித்துக்கொள்வேன், ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனம் செய்கிறவன் மாதிரி. ஓகஸ்டில் உனக்கு முதல் லெப்டொப் வாங்கிய அன்றும் அப்படித்தான், பில் யார் பெயருக்கு என்று கேட்டவுடனே கூட வந்திருந்த மக்கீன் நானாவைக் காட்டினேன். தமிழ்ப் பெயரைக் கண்டால் சாவடியில் கூடுதலாகத் துருவுவார்கள், முஸ்லிம் பெயர் என்றால் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு. பில்லில் ஒரு பெயரும் உன் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. கடையில் பில்லும் சாமானின் நம்பரும் பொருந்தாவிட்டால் நானே அதைத் திருப்பி எடுக்க மாட்டேன், அந்தப் புத்தி என் பிள்ளை விஷயத்தில் வேலை செய்யவில்லை.

இது வரைக்கும் உனக்குத் தெரியும். இனிச் சொல்வது தெரியாது. சாவடியில் உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸுக்குக் கொண்டுபோன அன்று பின்னேரம் சிவில் உடுப்பில் இரண்டு பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். பழனியாண்டி நீதானா என்று கேட்டார்கள், உன் மகளிடம் ஒரு லெப்டொப் இருக்கிறது, அப்பா வாங்கித் தந்தது என்கிறாள், பில்லில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் இருக்கிறது, நீ வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டார்கள். மரியாதைக்குறைவாகக்கூடப் பேசவில்லை, கையைக்கூட ஓங்கவில்லை, அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு ஒரு சாட்டாவது இருக்கும். ஆமாம், நான்தான் வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் “தன்னே நே மாத்தயா” என்றேன். தெரியாது ஐயா, எனக்கு ஒன்றும் தெரியாது, நான் லெப்டொப் ஒன்றும் வாங்கவில்லை என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, இருபத்தைந்து வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் தானாக வந்துவிட்டது. அவர்கள் அதைச் சிங்களத்தில் எழுதி என் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எதிலும் பெயர் எழுதாத நான் அந்தக் கடதாசியில் முழுப்பெயரையும் எழுதினேன் லோகா. என் மகளுடைய பொருளைத் தெரியாது என்று சொன்ன கடதாசியில்.

நீ பொய் சொல்கிறாய் என்று உன்னை மறுநாளும் அங்கே வைத்திருந்தார்களே, அது சாவடிக்காரனால் இல்லை, என்னால். அப்பா இல்லையென்று சொல்லிவிட்டார் என்று அவர்கள் உன்னிடம் சொன்னார்களா, சொல்லியும் நீ நம்பவில்லையா, அல்லது நம்பிவிட்டு எனக்காக மறைக்கிறாயா என்று எனக்குத் தெரியாது, கேட்கிற துணிவும் இல்லை. அம்மா குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர்கள் படலையைத் தாண்டியதும் வந்து, நீங்க பெத்த புள்ளயத்தானே கேட்டாங்க என்று மட்டும் சொன்னாள், செருப்பைப் போட்டுக்கொண்டு மக்கீன் நானா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அவரை அனுப்பவில்லை. அவருக்குச் சொல்லியும் விடவில்லை. அவர் குடைக்கடையைச் சாத்திவிட்டு நேரே வந்து, என்ட பேரு தானே பில்லுல ஈக்கிது, நான் போகாம யாரு போற என்றார். இந்தக் காலத்தில் அப்படி ஒருவர் தானாகப் போய் நின்றால் அவரையும் பிடித்து உள்ளே போடலாம், அது அவருக்கும் தெரியும், கல்யாணம் ஆகாத மூன்று குமர்ப்பிள்ளைகளை வைத்திருக்கிற மனுஷன். விடியற்காலை பஸ்ஸில் அம்மாவும் அவரும் புறப்பட்டபோது என்னையும் வரச் சொன்னார்கள். திரும்ப யாராவது விசாரிக்க வந்தால் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றேன். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா உன்னிடம் சொன்னாளே, காய்ச்சல் ஒன்றுமில்லை, நான் கட்டிலில் குந்திக்கொண்டிருந்தேன். அங்கே அவரை அரைநாள் கேள்வி கேட்டுத்தான் உன்னை விட்டார்கள்.

அப்பா பேர் கெட்டுப்போகக் கூடாது என்று அவரை அனுப்பியது நான்தான் என்று அம்மா உன்னிடம் சொல்லி வைத்தாள், நானும் அதையே சாதகமாக்கிக்கொண்டு இருந்துவிட்டேன். மக்கீன் நானா இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, வழக்கம்போல மாலையில் வந்து தேத்தண்ணி குடிக்கிறார், குடை வியாபாரத்துக்கு இந்த மழை நல்லது என்று சிரிக்கிறார். பத்து நாளைக்கு முன்னால் வந்த நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார், என்னால் ஒரு கரண்டி விழுங்க முடியவில்லை. அவர் போன பிறகு அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, அந்தப் புள்ளக்கி எழுதுங்க என்றாள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன் முகத்தை நினைத்தால் அதைவிட வெட்கம். இந்தக் கடிதத்தை வழியில் யாராவது உடைத்துப் படித்தாலும் படிக்கட்டும்.

நேற்றுக் கடையில் அந்தப் பேனாவை என் கையில் தந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. ஓகஸ்டில் அதே கடையில் அதே பேனாவை அதே மனுஷர் தந்தார், நீ பக்கத்தில் நின்று எழுதுங்கப்பா என்றாய், நான் கையை உதறிவிட்டு மக்கீன் நானா எழுதட்டும் என்று விலகிக்கொண்டேன். கண்ணாடித் திரையில் எழுதக்கூட எனக்குப் பயம் போலிருக்கிறது. நேற்று என் பெயரை எழுதினேன், கோணலாக வந்தது, கடைக்காரர் ஒரு தட்டுத் தட்டி அழித்துவிட்டார். அப்புறம் அந்த நடுத்தர லெப்டொப்பைக் கட்டச் சொன்னேன். பில் யார் பெயருக்கு என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன், எழுத்தைச் சரி பார்த்தேன், கடை முத்திரையும் குத்தித் தரச் சொன்னேன். நம் வழக்கத்தில் பிள்ளை பெயருக்கு முன்னால் அப்பன் பெயர்தானே வரும், பழனியாண்டி லோகேஸ்வரி என்று இரண்டு பெயரும் சேர்ந்துதான் அதில் இருக்கிறது. பில் இல்லாமல் ஒரு பொருளும் நீ இனி வாங்க வேண்டாம், மற்றவர் பெயரிலும் வாங்க வேண்டாம்.

லெப்டொப்பை ஆளிடம் கொடுத்து அனுப்ப மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன், இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் ஐந்து நாள் விட்டு வைத்திருக்கிறேன். உன்னை இறக்கிய சாவடியில் என்னையும் இறக்குவார்கள், யாருடையது என்று கேட்பார்கள், என் மகளுடையது, நான்தான் வாங்கினேன் என்று சொல்லப் போகிறேன். எனக்குப் பயம் இல்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். மத்தியானம் ஒரு மணிபோல பஸ் வந்துவிடும். என்னைப் பார்க்க உனக்கு மனமிருந்தால் பஸ் நிலையத்துக்கு வா. மனமில்லாவிட்டால் வர வேண்டாம், நான் கோபிக்க மாட்டேன், உன் விடுதி வாசலில் வோர்டனிடம் பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அம்மா மாசிச் சம்பல் போத்தலில் போட்டுத் தருவாள், அதையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்.

நீ நன்றாகப் படித்து, தலை நிமிர்ந்து, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் மகளே. மக்கீன் நானாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, எனக்கு எழுதிய நன்றியை அவருக்கு எழுது. அடையாள அட்டையை எப்போதும் கைப்பையில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கறுப்பையா பழனியாண்டி