ஒட்டடைக் கம்பும் மாடிப் பாட்டும்

சிட்லபாக்கம்,
19.11.2006

அன்பு மகன் ஷெர்வினுக்கு,

கர்த்தர் கிருபையால் வீட்டில் எல்லோரும் நலம், என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. அது வீங்கிக் கிடப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜென்சி எழுதுகிறாள். ஒரு வார்த்தையையும் மாற்றாதே, மெருகு போடாதே என்று சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தமிழுக்கு முதல் மார்க் வாங்குகிறவள் என்பதால் எனக்குப் பயம். நீ சிங்கப்பூரில் சுகமாக இருப்பாய் என்று தெரியும். சுகமில்லாதவன் வாரத்தில் இரண்டு நாள் பாட்டுப் பயிற்சிக்குப் போக மாட்டான்.

மணிக்கட்டு வீங்கியதற்குக் காரணம் நீதான். உன் சர்ச் பாடகர் குழுவில் சீனர்களும் பிலிப்பினோக்களும் மலையாளிகளும் இருக்கிறார்கள், பக்கத்தில் நிற்கிற மிசோரம் பையன் தங்கா உயிர்த் தோழன் ஆகிவிட்டான், சரி. "ஒரே தாளைப் பார்த்து ரெண்டு பேர் பாடினா அப்புறம் அவன் அந்நியன் இல்லம்மா" என்று போனில் எனக்கே பிரசங்கம் செய்தாய். பாடினால் பாடு. அவன் தங்கை தாம்பரத்துக்குப் படிக்க வருகிறாள் என்றதும் நம் மாடியை அவளுக்குக் கொடுக்கச் சொல்லி உன் அப்பாவிடம் பேசி முடித்துவிட்டாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஜூன் மாதம் வாசலில் ஆட்டோ நின்று, கிடாரோடு ஒரு பெண் இறங்கி "ஆன்ட்டி" என்று சிரித்தபோதுதான் எனக்கே தெரியும். கல்லறையிலிருந்தே எழுந்து வெளியே வந்த லாசரஸின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற உன் அப்பா அப்போது குளியலறையில் ஒளிந்துகொண்டார்.

அவள் பெயர் ரின்மாவி. நான் மாவி என்று கூப்பிடுகிறேன், அதுவும் அவசியம் வந்தால். சாயங்காலம் நாங்கள் ஜெபத்துக்கு உட்காருகிற நேரம் பார்த்து மேலே ஆரம்பிப்பாள். கூடப் படிக்கிற பெண்கள் வேறு வந்துவிடுவார்கள், ஒருத்தி அசாம், ஒருத்தி குன்றத்தூர் துர்கா. முருகன் பாட்டு, சர்ச் பாட்டு, புரியாத பாட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் ஒட்டடைக் கம்பை எடுத்து மேல்தளத்தை இடித்தேன். நிறுத்தவில்லை. பலமாக இடித்தேன், பலமாகப் பாடினார்கள். வேகமாக இடித்தேன், வேகமாகப் பாடினார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து என் தலையில் விழுந்ததும் மணிக்கட்டு வீங்கியதும்தான் மிச்சம். மீன் கொண்டுவரும் பொன்னி கேட்டிலிருந்தே, "இன்னா டீச்சரம்மா, மேல அந்தப் பொண்ணு பாடுது, கீழ நீ மோளம் அடிச்சுகினு கீற, தெருவே கேட்டுகினு கீது!" என்று சிரிக்கிறாள். யாரால் இந்த அவமானம்?

பத்து நாள் முன்னால் மாவி ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, நீங்க தட்டறது ரொம்ப நல்லா இருக்கு. எங்க சர்ச்ல டிரம் இல்லாம பாட்டு இல்ல. இங்க டிரம் இல்ல, நான் அழுதேன். இப்போ ஆன்ட்டி இருக்கு" என்றாள். ஐந்து மாதமாக நான் திட்டியதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு பாடியிருக்கிறாள். ஜென்சி சிரித்தாள், தொடையில் கிள்ளினேன். அன்றைக்கே அப்பாவை மேலே அனுப்பி, அது தாளம் இல்லை, வாயை மூடு என்று அர்த்தம், மாதக் கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லச் சொன்னேன். "தட்டினது நீ, சொல்றது நானா?" என்று முனகிக்கொண்டே போனார். அதிலிருந்து மேலே சத்தமே இல்லை. நடக்கிற சத்தம்கூட இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறாள் போலிருக்கிறது. நான் கேட்டது இந்த அமைதியைத்தான். நன்றாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நம் சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நம் வீட்டில். ஆண்களின் டெனர் வரிசையில் உன் இடத்தில் வில்பிரட் சார் நிற்கிறார், தும்முகிற மாதிரிப் பாடுகிறார். கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ பெண்கள் எப்போதும்போலத் தாளத்துக்குப் பின்தங்கி இழுத்தார்கள். கை வீங்கியதால் என்னால் தாளம் காட்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மாவி, சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு வந்தாள். ஆல்டோ வரிசையில் நிற்கிற மெட்டில்டா கையில் இருந்த சோல்பா தாளை எட்டிப் பார்த்தாள். நாம் டோ, ரே, மீ என்று மெட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவதைத்தான் அவர்கள் ஊரிலும் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறார்களாம். தமிழில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாதவள், அதைப் பார்த்தே ஆல்டோவை முதலிலிருந்து கடைசிவரை தப்பில்லாமல் பாடினாள். மெட்டில்டா என்னைப் பார்த்து, "ஏன் ரத்தினா, வீட்டுக்குள்ள ஆல்டோவை வெச்சுக்கிட்டு அதை பேக் பண்ணி அனுப்பப்போறியா? உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்றாள், எல்லார் முன்னாலும். நான் அட்டைப்பெட்டியை எடுத்து மாவியிடம் கொடுத்தேன். இரண்டு கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை, அங்கே பாடவேண்டும் என்று எழுதியிருந்தாய். பாடு. ஆனால் கீழ்வீட்டில் யாராவது தட்டினால் ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஐஸ் தண்ணீர் குடிக்காதே, உனக்குத் தொண்டை கட்டும். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் புத்தியையும் சேர்த்து. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கச் சொல்லி நீயும் போனில் சொல், நான் சொன்னால் கேட்பதில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
ரத்தினபாய்

அண்ணா, இனி எழுதுவது நான், ஜென்சி. கடிதத்தை மடிக்கப் போனபோது மாடியில் செல்லோ டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது. அம்மா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இடது கையால் ஒட்டடைக் கம்பை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். டேப் சத்தம் நின்றது. அப்பா பைபிளை மூடிவிட்டார். அம்மா மறுபடியும் தட்டினார், இந்த முறை நிதானமாக, எண்ணி எண்ணி. பிறகு மேலே ஆல்டோ ஆரம்பித்தது. அம்மா முகம் இன்னும் சண்டைக்கு நிற்கிற முகம்தான். "மாவி, இழுக்காதே!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார். மேலேயிருந்து உடனே பதில் வந்தது: "ஆன்ட்டி, நீங்கதான் லேட்!"