ஈரத்தோடு போட்ட எடை

பிள்ளையார்பாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சத்யப்ரியா எழுதுகிறேன். அத்தை சௌக்கியம். பனிக்கு முட்டிவலி மட்டும் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பதை மேற்கொண்டு படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் பேப்பரில் எழுதி, செவ்வாய்க்கிழமை ஷார்ஜா கிளம்பும் எதிர்வீட்டுக் கதிர்வேல் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் முன்னால் பிரிக்க வேண்டாம்.

பொங்கலன்று போனில் குடும்ப விசா பற்றிக் கேட்டேன். "மொதல்ல ஒடம்பைக் கொறைம்மா, அப்பறம் விசாவைப் பத்திப் பேசலாம்" என்றீர்கள். கூட வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லாம் எப்படி 'மெயின்டெயின்' பண்ணுகிறார்கள் என்று வேறு சொன்னீர்கள். மறுநாளே சிம்ரன் மேடம் நடத்தும் தொண்ணூறு நாள் எடைக் குறைப்புப் பயிற்சியின் விளம்பரம் உங்களிடமிருந்து வந்தது. உடல், மனம், ஆன்மா மூன்றையும் சரி செய்வார்களாம். இரண்டு வாரம் இலவசமாகப் போய்ப் பார், பிரயோஜனமா இல்லையா என்று நீயே பார்த்துச் சொல் என்றீர்கள். போய்ப் பார்த்தேன். சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொறாமையில் பேசுகிறேன் என்பீர்கள். காலை ஐந்தரைக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு. பதினான்கு பெண்கள். கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, பிறகு ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றி நடை. எண்ணெய்ப் பலகாரத்தை விட்டதில் நெஞ்செரிச்சல் நின்றது. பேசிக்கொண்டே நடந்ததில் மனசும் லேசாக இருந்தது. நீங்கள் போன இந்த மூன்று வருஷத்தில் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஏழாம் நாள் எடை பார்த்தார்கள். எனக்கு இரண்டே முக்கால் கிலோ குறைந்திருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான், இரண்டு, மூன்று என்று. ஒரே கைதட்டல். நான் மட்டும் தட்டவில்லை. கலியாணசுந்தரம் முதலாளி கடையில் எட்டு வருஷமாகப் பட்டு நூலை எடை போட்டு நெசவாளர்களுக்குக் கொடுப்பதும், சேலையாகத் திரும்பி வந்ததும் மறுபடி எடை போட்டு வாங்குவதும் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். சாயம் போட்டு வந்த நூலை ஈரத்தோடு தராசில் வைக்கவே மாட்டேன். வைத்தால் தண்ணீரும் பட்டுக் கணக்கில் ஏறிவிடும். பிறகு சேலை காய்ந்து வரும்போது எடை குறைகிறதே, நூல் எங்கே என்று நெய்தவரைப் பிடித்துக் கேட்பார்கள். முதல் நாள் நாங்கள் பேர் கொடுக்கப் போனபோது மேடம் எடை போட்டது சாயங்காலம், ஆளுக்கு ஒரு லிட்டர் சீரகத் தண்ணீர் குடிக்க வைத்த பிறகு, கட்டிய சேலையோடு. ஏழாம் நாள் போட்டது விடியற்காலையில், வெறும் வயிற்றில், மெல்லிசான சுடிதாரில். அந்த இரண்டே முக்கால் கிலோ எங்கே போயிற்று என்று எனக்கா தெரியாது?

கேட்டேவிட்டேன். "மேடம், அன்னிக்கு மாதிரியே தண்ணி குடிச்சிட்டு சாயங்காலமா இன்னொரு தபா போட்டுப் பாக்கலாமா?" என்றேன். "நெகட்டிவா யோசிக்கிறவங்களுக்கு வெயிட் எறங்காதும்மா, மொதல்ல மனசை க்ளீன் பண்ணுங்க" என்றார். தைராய்டு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். உடம்பு தன்னைத்தானே சரி செய்துகொள்ளுமாம்.

அன்று மத்தியானம் உங்களிடமிருந்து கேக் படம் வந்தது. என் எடையை மேடம் உங்களுக்கும் அனுப்புகிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கேக், நாலு கைதட்டல், 'சூப்பர்டா செல்லம்'. நீங்கள் லீவில் வந்திருந்தபோது உண்டாகி, ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போன நம் குழந்தைக்கு ஒரே ஒரு வரிதான் அனுப்பினீர்கள். 'லீவு கிடைக்கல, தைரியமா இரு.' அது பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ இருந்ததாக நர்ஸ் சொன்னார். நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் தைராய்டு வந்தது, உடம்பும் ஊதியது. சாப்பாட்டால் வந்தது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். எல்லாம் வெறும் தண்ணீர் என்று தெரிந்தும், இரண்டாம் வாரத்து எடைக்கு நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். இன்னொரு தடவை செல்லம் என்று சொல்ல மாட்டீர்களா என்றுதான். மாத்திரையை நிறுத்தினேன். எடை போடுவதற்கு முதல் நாள் காலையிலிருந்து சோறும் இல்லை, ஒரு வாய் தண்ணீரும் இல்லை. ஒன்றரை கிலோ இறங்கியது. அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய், பதினோரு மணிக்கு நூல் மூட்டையின் மேலேயே மயங்கி விழுந்தேன். முதலாளி முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். "இன்னாம்மா சத்யா, ஈர நூலை நான் வெச்சாலே சண்டைக்கு வர்றவ நீ. உன்ன நீயே காய வெச்சி எடை போட்டுக்கினு வந்து நிக்கிறியே" என்று திட்டினார். வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன். அத்தையிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

அதனால் அந்தப் பயிற்சி வேண்டாம். மேடத்திடம் சொல்லிவிட்டேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். கூட நடந்தவர்களில் மூன்று பேர் என்னோடு விலகிக்கொண்டார்கள், நாங்கள் நாலு பேரும் கோயிலைச் சுற்றி நடக்கிறோம். குறைந்தாலும் மெதுவாகத்தான் குறையும் என்று டாக்டரம்மா சொல்கிறார். குறையாமலும் போகலாம்.

தொண்ணூறாம் நாள் விசா வந்துவிடும் என்ற ஆசையில்தான் போனேன், மறைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது தோன்றியது, அங்கே வந்த பிறகு மறுபடியும் ஊதிவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவீர்களா என்று. இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் இந்தச் சந்தேகம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்குள் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் படம் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்தது. வெள்ளைப் பின்னணி, விசாவுக்குக் கேட்கிற அளவு. கன்னத்தைக் கொஞ்சம் ஒல்லியாக்கித் தரட்டுமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். இருக்கிறபடியே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த முகத்துக்கு விசா எடுக்க மனசு இருந்தால் எடுங்கள். இல்லையென்றால், தீபாவளிக்குக் கதிர்வேல் ஊருக்கு வரும்போது படங்களை அவனிடமே திருப்பிக் கொடுத்தனுப்புங்கள். கூடக் கடிதம் எதுவும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்குக் காமாட்சி அம்மன் துணை இருப்பாள். எனக்கு யார் துணை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கும் உங்கள் மனைவி,
சத்யப்ரியா