குறுக்குப் பாதை

தை 18, ஞாயிறு.

குன்னூரில் இன்று மருமகள் சாந்தி தன் முதல் பந்தயம் ஓடினாள், பத்து கிலோமீட்டர். இதை முடித்தால்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்கு அவள் பழகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தேன். தினமும் கொழுந்து பறிக்கப் போகிற கால், பழக்கத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டது. பாதியில்தான் உறைத்ததாம். மேடேறித் திரும்பிப் போய், ரோடு வழியாகவே சுற்றி ஓடி, கடைசி ஆளாக வந்தாள்.

“யாரு புள்ள பாத்தா? அப்படியே வந்திருக்கலாமில்ல?”

“அப்புறம் பத்தும் ஓடுனேன்னு உங்ககிட்ட எப்படிங்க அத்தை சொல்றது?”

என் மகன் கல்யாணப் பந்தியில் இவள் அம்மா என்னைக் காக்கவைத்ததை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் இவளைப் பெற்றவளும் அவள்தானே. நாளைக் காலையிலிருந்து பிள்ளைகள் என் பொறுப்பு.